விரல் நுனிக்கு எந்தத் திசு?

கதவிடுக்கில் நசுங்கியதோ, இயந்திரம் கடித்ததோ, விரல் நுனி போனதும் எல்லோரும் கேட்பது "எவ்வளவு போய்விட்டது?" என்றுதான். அறுவை மருத்துவர் அதைவிடக் கவனமாகப் பார்ப்பது காயத்தின் அடிப்பரப்பை. அங்கே சதை மட்டும் இருந்தால் ஒரு வழி. எலும்போ தசைநாணோ வெளியே தெரிந்தால் வேறு வழி. வெட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அடுத்த கேள்வி. நகத்தின் பக்கம் அதிகம் போயிருந்தால் உள்பக்கச் சதை மிஞ்சியிருக்கும். உள்பக்கமே போயிருந்தால் சிக்கல் கூடும்.

கடன் வாங்கிய திசுவால் விரலைச் சீரமைக்கும் வழிகள் பல. இங்கே அவற்றை ஒரே தராசில் நிறுத்துகிறேன்: தொடு உணர்ச்சி எவ்வளவு திரும்புகிறது? கைக்குக் கண் விரல் நுனிதான். 2, 3 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு முனைகள் தொட்டாலும் நல்ல நுனி அவற்றை இரண்டு என்றே அறிந்துகொள்ளும். முழு நீளத்துக்குத் திருத்தியும் மரத்துப்போய்விட்ட விரலை மூளை மெல்ல ஒதுக்கிவிடும். சட்டைப் பொத்தானைப் போட அடுத்த விரல் தானாக முன்னே வரும்.

முதல் போட்டியாளர், எதையும் ஒட்டாமல் விடுவது. எலும்பு தெரியாத, சுமார் 1 சதுர சென்டிமீட்டருக்கு உட்பட்ட காயத்தைச் சுத்தம் செய்து, ஈரம் காக்கும் படலத்தால் மூடி, வாரம் ஒருமுறை மாற்றிவந்தால் 3 முதல் 6 வாரங்களில் அது தானாக மூடிக்கொள்ளும். உள்ளே பழுப்பு நிறத் திரவம் தேங்கும், நாற்றம் அடிக்கும். அழுகிவிட்டது என்று அஞ்சிப் படலத்தைப் பிய்த்தெறியத் தோன்றும். பெரும்பாலும் அது அழுகல் அல்ல. (விரலைத் தாண்டிப் பரவும் சிவப்பு, காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி என்றால் உடனே காட்ட வேண்டும்.) காயம் சுருங்கும்போது சுற்றிலும் உள்ள தோலை நடுவுக்கு இழுத்துக்கொள்கிறது. அந்தத் தோலில் நரம்பு ஏற்கெனவே இருக்கிறது. அதனால்தான் கத்தியே படாத இந்த வழி உணர்ச்சியில் பல அறுவைகளை முந்திவிடுகிறது. குழந்தைகளுக்கு இன்னும் நன்றாக ஆறும்.

இதற்கு நேர் எதிரே தோல் ஒட்டை வைத்துப் பார்க்கலாம். உடலின் வேறோர் இடத்திலிருந்து தோலை மட்டும், ரத்தக் குழாய் எதுவும் இல்லாமல், உரித்து எடுத்து வைக்கிறார்கள். முதல் இரண்டு நாட்கள் அது அடியிலிருந்து கசியும் நீரை உறிஞ்சியே பிழைக்கிறது. அதன்பிறகே ரத்தக் குழாய்கள் இணைகின்றன. ஆகவே மொட்டை எலும்பின் மேல் அது பிடிக்காது. தொடை இடுக்கில் எடுத்த தோல் விரலுக்கு வந்ததும் கறுத்துத் தெரியும்; சில நேரம் முடி கூட முளைக்கும். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை ஓரத்தில் எடுத்தது நிறத்திலும் கெட்டித்தன்மையிலும் நன்றாகப் பொருந்தும். விரலின் முதுகுப்பக்கக் காயத்துக்குத் தோல் ஒட்டு போதும். ஆனால் பிடிக்கும் பக்கத்துக்கு, சிறு காயமாக இருந்தால், நான் இதைக் கடைசியில்தான் வைப்பேன். சும்மா விட்டாலே இதைவிட நல்ல உணர்ச்சி கிடைக்கக்கூடிய இடத்தில் உடலின் இன்னொரு பகுதியைக் காயப்படுத்துவானேன்?

எலும்பு தெரிந்தால் கணக்கு மாறுகிறது. அப்போது தேவை மடல்; மருத்துவமனைகளில் ஃபிளாப் என்பார்கள். தன் ரத்த ஓட்டத்தைத் தானே கொண்டுவரும் திசு அது. மிக எளியது வி-ஒய் மடல். மிஞ்சிய நுனிச் சதையை 'வி' எழுத்துப்போலக் கீறி முன்னே தள்ளி, பின்னால் உண்டாகும் இடைவெளியை 'ஒய்' போலத் தைக்கிறார்கள். அதே விரலின் சதை, அதே நரம்பு, ஒரே அமர்வு. குறை அதன் எல்லையில் இருக்கிறது: 1 சென்டிமீட்டருக்கு மேல் நகராது. பேராசைப்பட்டு இழுத்துத் தைத்தால், நகம் பின்னாளில் கிளிமூக்குபோல வளைந்துவிடும். உள்பக்கம் சாய்ந்த வெட்டில் முன்னே தள்ளவே சதை இருக்காது.

கட்டைவிரலுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அதன் முதுகுப்பக்கத் தோலுக்குத் தனி ரத்த ஓட்டம் இருப்பதால், உள்பக்கத் தோல் முழுவதையும் இரு நரம்புகளோடும் இரு தமனிகளோடும் சேர்த்து முன்னே நகர்த்தலாம். எரிக் மோபெர்க் என்ற சுவீடன் மருத்துவரின் பெயரால் அறியப்படும் மடல் இது. இதையே மற்ற விரல்களில் செய்தால் முதுகுத்தோல் செத்துப்போகும் அபாயம் உண்டு.

உள்பக்கம் முழுவதுமாகப் போன விரலுக்கு வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். இங்கே இரண்டு பழைய வழிகள் மோதுகின்றன. ஒன்று, பக்கத்து விரலின் முதுகுத்தோலைக் கதவுபோலத் திறந்து காயத்தின் மேல் மூடித் தைப்பது. இரண்டு விரல்களும் 2, 3 வாரம் ஒட்டியே கிடக்கும், பிறகு பிரிப்பார்கள். மற்றொன்று, காயமுற்ற விரலை மடக்கிக் கட்டைவிரல் அடியிலுள்ள மேட்டில் தைத்துவைப்பது. முன்னது நம்பகமானது, ஆனால் காயமே படாத ஒரு விரலுக்கு நிரந்தரத் தழும்பைத் தருகிறது. பின்னதில் கிடைக்கும் தோல் விரல் நுனிக்கு நன்றாகப் பொருந்துகிறது, தழும்பும் கைக்குள் மறைந்துவிடுகிறது. எனினும் மடங்கியே கிடக்கும் மூட்டு விறைத்துப்போகலாம். வயதானவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டிலும் நரம்பு கூடவே வருவதில்லை. விளிம்பிலிருந்து மெல்ல ஊர்ந்து வரும் உணர்ச்சியோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

பல விரல்களின் தோல் மோதிரத்தைக் கழற்றுவதுபோல உரிந்துபோனால், தொடை இடுக்கு மடல் கைகொடுக்கும். அறுவை மருத்துவர்கள் இயன் மெக்ரிகரும் இயன் ஜாக்சனும் 1972இல் விவரித்தது. கை சுமார் 3 வாரம் அடிவயிற்றோரம் கட்டுண்டு கிடக்கும். கிடைப்பது தடித்த, கொழுத்த, உணர்ச்சியற்ற உறை. பின்னால் மெலிதாக்கவும் வேண்டியிருக்கும். உயிர்காக்கும் மூடி என்றால் சரி. விரல் நுனிக்கு இது மெத்தை போட்ட கையுறை.

நரம்போடு சேர்த்துக் கொண்டுவரும் வழிகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். லிட்லர் மடலில், மோதிரவிரல் அல்லது நடுவிரலின் ஒரு பக்கச் சதையை அதன் நரம்பும் தமனியும் அறுபடாமல் உள்ளங்கை வழியே கட்டைவிரலுக்குக் கொண்டுபோகிறார்கள். உணர்ச்சி முதல் நாளே இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கட்டைவிரலைத் தொட்டால் மோதிரவிரலைத் தொட்டதாக மூளை சொல்லும். பலருக்கு இந்தக் குழப்பம் தீருவதே இல்லை. இரண்டாவது, கால்விரலின் அடிச்சதையை நுண்ணறுவையால் மாற்றி வைப்பது. மைக்ரோஸ்கோப்பின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய இழையால், சுமார் 1 மில்லிமீட்டர் குழாய்களைத் தைக்கிறார்கள். முடியற்ற, எலும்போடு நார்களால் பிணைந்த, பிடிக்கும்போது வழுக்காத சதை கைவிரல்களைப் போலவே கால்விரல்களிலும் இருக்கிறது. நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். அதனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். முதல் சில நாட்களில் குழாய் அடைத்தால் மீண்டும் அறுவை மேசை, சில நேரம் முழு இழப்பு. புகைப்பவர் அதை நிறுத்தாவிட்டால் இந்த அபாயத்தைத் தாமே கூட்டிக்கொள்கிறார்.

எலும்பைச் சற்றுச் சுருக்கித் தைத்துவிடுவதையும் தோல்வி என்று நினைக்கத் தேவையில்லை. ஆள்காட்டி விரல் நுனி போனவர் சில வாரங்களில் வேலைக்குத் திரும்பிவிடலாம். அதன் பணியை நடுவிரல் எடுத்துக்கொள்ளும். கட்டைவிரலுக்கு அந்த மாற்று ஆள் கிடையாது. எனவேதான் முழுக் கட்டைவிரலே போனால் கால்விரலைத் தேடிப் போகிறோம். ஆஸ்திரிய அறுவை மருத்துவர் கார்ல் நிக்கோலடோனி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதைச் செய்தார். கையையும் காலையும் வாரக்கணக்கில் பிணைத்து வைத்துத்தான். குழாய்களைத் தைக்கக் கற்றபின் 1966இல் ஷாங்காயில் இரண்டாம் கால்விரலையும், 1968இல் இங்கிலாந்தில் ஜான் காபெட் காலின் பெருவிரலையும் ஒரே அமர்வில் கைக்கு மாற்றினார்கள். பெருவிரல் பலமாகப் பற்றும், ஆனால் கட்டைவிரலைவிடப் பருத்துத் தெரியும். கால் ஊன்றித் தள்ளும் விசையிலும் குறை வரும். இரண்டாம் விரல் ஒல்லியானது, நுனி சற்று உருண்டு குமிழ்போலத் தோன்றும், பிடியும் அவ்வளவு வலுவாக இருக்காது. அதை இழந்த பாதத்தையோ, செருப்பில்லாமல் நின்றாலும் உற்றுப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.