மூன்று சுரம், எட்டு சுருதி மாற்றம்: மினாவின் ‘சே தெலெஃபொனாந்தோ’

இத்தாலியில் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் முகப்புப் பாட்டுக்கு ‘சிக்லா’ என்று பெயர். 1966இல் இத்தாலிய அரசு ஒளிபரப்பான ராய் தொலைக்காட்சியில் வந்த ‘ஆரியா கொந்திட்ஸியொனாத்தா’ நிகழ்ச்சிக்காக எழுதப்பட்ட சிக்லாதான் ‘சே தெலெஃபொனாந்தோ’. நிகழ்ச்சியை இன்று இந்தப் பாட்டின் பேரைச் சொல்லித்தான் அடையாளம் காட்ட வேண்டியிருக்கிறது. இசையும் வாத்திய அமைப்பும் என்னியோ மோரிக்கோனே, வரிகள் மௌரிட்ஸியோ கொஸ்தான்ஸோவும் கீகோ தே கியாராவும், குரல் இத்தாலியப் பாடகி மினா. ரிஃபி நிறுவனம் 45 சுழற்சி இசைத்தட்டாக வெளியிட்டது. மினாவின் ‘ஸ்தூதியோ ஊனோ 66’ பாடல் தொகுப்பிலும் இருக்கிறது.

முகப்புப் பாட்டுக்கு ஒரு கட்டாயம் உண்டு. பக்கத்து அறையில் இருப்பவர் காதில் விழுந்ததும் எழுந்து வரவேண்டும். மோரிக்கோனே அதற்கு எடுத்துக்கொண்டது பிரான்சின் மார்சேய் நகரத்துப் போலீஸ் சைரனை. பல்லவி முழுக்க ஜி, எஃப் ஷார்ப், டி என்ற மூன்றே சுரங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஜியை ஆதார ஸட்ஜமாகக் கொண்டால் ச, காகலி நி, ப என்று கீழிறங்கும் பிடி. பாடத் தெரியாதவரும் முணுமுணுத்துவிடலாம்.

ஆனால் அலுக்கவில்லை. காரணம் கணக்கு. சுரம் மூன்று, தாளம் நான்கு. அடுத்தடுத்த சுற்றுகளில் அழுத்தம் வேறு வேறு சுரத்தின் மேல் விழுகிறது. கையால் நான்கு நான்காகத் தட்டிக்கொண்டு, எண்ணிக்கைக்கு ஒன்றாக ‘ச நி ப’ சொல்லிப் பாருங்கள். முதல் வட்டத்தின் தொடக்கத்தில் ச, அடுத்ததில் நி, மூன்றாவதில் ப. 12 எண்ணிக்கை முடிந்த பிறகுதான் ச மறுபடி தொடக்கத்துக்கு வரும். ஒரே சைரன் வெவ்வேறு திசையிலிருந்து கேட்பதுபோல இருப்பது இதனால்தான்.

இதற்குமேல் சுருதி வேறு நகர்கிறது. பாட்டில் மொத்தம் எட்டு சுருதி மாற்றங்கள். மூன்று நிமிடப் பாட்டுக்கு இது அதிகம்தான், எழுதியவர் கை தேர்ந்தவர் இல்லையென்றால் ஒட்டுப்போட்டதுபோல் கேட்டிருக்கும். இங்கே ஒவ்வொரு மாற்றமும் ஒரு படி ஏறியதுபோல் பதற்றத்தைக் கூட்டுகிறது. டிரம்பெட், தந்தி வாத்தியங்கள், பெண்கள் குழுக்குரல் எல்லாம் சேர்ந்து கனக்கும்போது அடியில் டிராம்போன்கள் (தாழ்ந்த ஒலி தரும் பித்தளை ஊதுவாத்தியங்கள்) உறுமுகின்றன. கைப்பேசியின் ஒலிபெருக்கியில் அந்த உறுமல் காணாமல் போய்விடும். ஹெட்போன் போட்டுக் கேட்டால்தான் பாட்டின் பாதி எடை தெரியும்.

வரிகளின் யோசனை எளிமையானது, கொஞ்சம் கொடுமையானதும்கூட. இரவில் தொடங்கிய காதல் வேகமாக வளர்ந்துவிட்டது. தொலைபேசியிலேயே விடைபெற முடியுமானால் கூப்பிட்டிருப்பேன் என்கிறாள் பாட்டில் வரும் பெண். முடியாது, எனவே கூப்பிடவில்லை. ‘முடியுமானால்’ என்ற அந்த ஊசலாட்டமும் தாளத்தின் ஊசலாட்டமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. குறை சொல்வதென்றால், பிற்பகுதியில் குழுக்குரலும் தந்திகளும் குரலோடு போட்டி போடுகின்றன. மினா அளவுக்குக் கனமில்லாத குரலென்றால் மூழ்கிப் போயிருக்கும்.

மேடையில் பாட நினைப்பவர்கள் வழக்கமாகத் தடுக்கிவிழும் இடம் ஒன்று இருக்கிறது. மூன்று சுரப் பிடியில் ஒவ்வொரு முறையும் முதல் சுரத்தையே அழுத்திவிடுவார்கள். உடனே பாட்டு மூன்று தாள நடனமான வால்ட்ஸ் ஆகிவிடும், டிரம்ஸ்காரரும் குழம்புவார். வார்த்தையை விட்டுவிட்டு ‘ல ல ல’ என்று நான்கு தாளத்தில் பழகி, கை தவறாமல் நின்ற பிறகு வரியைச் சேர்ப்பது நல்லது. சுருதியைத் தொடக்க வரிகளை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவை தாழ்ந்து, சொகுசாக இருக்கும், ஏமாற்றும். கடைசி ஏற்றத்தின் உச்சியைப் பாடிப் பார்த்து, அங்கிருந்து கீழே கணக்குப் போடுங்கள். தொடக்கத்திலேயே குரலைத் திறந்துவிட்டால் பிறகு ஏறுவதற்கு இடமிருக்காது. மூச்சும் அப்படித்தான்: பிடி வளையமாகச் சுற்றுவதால் இயல்பான நிறுத்தம் குறைவு, எங்கே மூச்சு வாங்குவது என்று வரிக்கு வரி முன்பே குறித்துக்கொள்ள வேண்டும்.

மறுபாடல்களில் இரண்டைச் சொல்லலாம். பிரெஞ்சுப் பாடகி பிரான்ஸ்வாஸ் ஆர்தி 1966இலேயே பிரெஞ்சில் பாடியது அடங்கிய குரலில் வருகிறது; சோகம் கூடியிருக்கிறது, சைரன் தூரத்துக்குப் போய்விட்டது. இத்தாலியப் பாடகர் நெக், 2015இல் அந்நாட்டின் சான்ரெமோ பாடல் விழாவின் மறுபாடல் இரவில் இதைப் பாடி முதலிடம் பெற்றார். அவருடையதில் தாளம் முன்னே தள்ளிக்கொண்டு போகிறது, துள்ளலாகவும் இருக்கிறது. ஆனால் மினாவிடம் இருக்கும் தயக்கத்துக்கு அந்த வேகத்தில் இடமில்லை. முதன்முதலாகக் கேட்பவர் 1966 பதிவிலிருந்தே தொடங்கட்டும், அதுவும் டிராம்போன் கேட்கிற அளவுக்குச் சத்தம் வைத்து.