தக்கலையில ஒரு சிஸ்டம் சர்வீஸ் கடை: எட்டு மாசமா இருந்த லேக் ஒரு சாயங்காலத்துல போச்சு

நம்ம பக்கம் யாருக்காவது வீட்டு கம்ப்யூட்டர்ல ஆன்லைன் கேம் ஆடும்போது லேக் (ஆட்டம் விட்டு விட்டு தாமசமா வாறது) அடிச்சிட்டே இருக்குன்னா இத முழுசா வாசிங்க, ஏன்னா நான் எட்டு மாசம் இதோட கெடந்து கஷ்டப்பட்டேன், தேவையே இல்லாம பெரிய தொகை செலவு பண்ண கெளம்பியும் இருந்தேன். கடை தக்கலை பஸ் ஸ்டாண்ட்ல எறங்கி அஞ்சு நிமிசம் நடக்குற தூரம், ஒரு துணிக்கடைக்கு மேல மாடியில. போர்டு கெடையாது, படிக்கட்டு செவுத்துல லேப்டாப் சர்வீஸ்னு ஒரு பேப்பர் ஒட்டியிருக்கும் அவ்ளோதான். உள்ள ஒரே ஒரு அண்ணன், ஆளு வச்சிக்கல, எல்லாம் அவரே பாக்காரு.

எங்க வீடு வேர்க்கிளம்பி. என் கூடப்பொறந்த அண்ணன் துபாய்ல இருக்கான், அஞ்சு வருசமா. சனிக்கிழமை ராத்திரி நமக்கு பத்து மணின்னா அவனுக்கு எட்டரை, அந்த நேரம் ரெண்டு பேரும் கவுண்டர் ஸ்ட்ரைக் 2ங்கிற துப்பாக்கி கேம் போடுவோம். போன்ல பேசுனா சாப்டியா, அம்மா எப்பிடி இருக்கான்னு ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிரும், கேம் ஆடிக்கிட்டே பேசுனாத்தான் அவன் மனசுல உள்ளத எல்லாம் சொல்லுவான். அதனால லேக்குன்னு சொன்னா எனக்கு தோத்துப்போற கவல மட்டும் இல்ல, அவன் பேசுறது பாதில முறிஞ்சு முறிஞ்சு வரும், கடசில "சரிடா நெட் செரியில்ல, அடுத்த வாரம் பாப்போம்"னு வச்சிட்டு போயிருவான். அதான் எனக்கு பொறுக்கல.

மொதல்ல கனெக்‌ஷன் குடுத்தவங்ககிட்ட சொன்னேன். வந்தாங்க, மொபைல்ல ஸ்பீட் டெஸ்ட் போட்டாங்க, 50 எம்பிபிஎஸ் பிளானுக்கு 48 வருது, எல்லாம் செரியா இருக்குன்னு சொல்லிட்டு போயிட்டாங்க. மூணு தடவ இதே கதை. அப்பறம் வேற ஒரு கடையில கேட்டேன், கம்ப்யூட்டர தெறந்துகூட பாக்காம கிராபிக்ஸ் கார்டு பத்தாது, புதுசு போடணும்னு சொல்லிட்டாங்க, நானும் மட்டிப்பழம் வித்த காசு வீட்டுல இருக்கு, அம்மாகிட்ட கேக்கலாமான்னு யோசிச்சிட்டு இருந்தேன். அப்பத்தான் சித்தி மகன் இந்த தக்கலை அண்ணன சொன்னான்.

கடைக்கு போயி கிராபிக்ஸ் கார்டு வெல கேட்டேன். அவரு வெல சொல்லல. "லேக் அடிக்கும்போது படமே மொத்தமா நின்னு நின்னு விக்குதா, இல்ல படம் நல்லா ஓடிட்டு எதிர்ல உள்ளவன் மட்டும் இங்க நின்னவன் அங்க போயி நிக்கானா?"ன்னு கேட்டாரு. ரெண்டாவதுதான்னு சொன்னேன். "அப்ப கார்டு வேண்டாம் மக்கா. வீட்டுக்கு போயி நெட்ட கழட்டிட்டு பாட் (கம்ப்யூட்டரே ஆட்டுற ஆளு) கூட தனியா ஆடிப்பாரு, அப்பவும் விக்குச்சுன்னா சிஸ்டத்த தூக்கிட்டு வா, விக்கலைன்னா நான் வீட்டுக்கு வாறேன்"னு சொல்லி அனுப்பிட்டாரு. விக்க வேண்டிய சாமான விக்காம ஒரு கடைக்காரர் அனுப்பிவிட்டது எனக்கு அன்னைக்குத்தான் மொத தடவ.

இங்க ஒண்ணு சொல்லணும், நெறைய பேரு இத கொழப்பிக்கிறாங்க. எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தன படம் திரையில வருதுன்னு கணக்கு) கொறஞ்சா அது நம்ம சிஸ்டத்தோட வேலை, சூடு, தூசி, ரேம், கார்டு. பிங் (நம்ம தகவல் போயி பதில் திரும்பி வர ஆகுற நேரம், மில்லிசெகண்டுல) ஏறுனா அது நெட் போற வழில உள்ள பிரச்சன. ரெண்டையும் நம்ம ஆளுக லேக்னுதான் சொல்லுவோம், ஆனா மருந்து வேற வேற. நான் வீட்டுல போயி நெட் இல்லாம பாட் கூட ஆடுனேன், வெண்ண மாதிரி ஓடுச்சு.

வாறேன்னு சொன்னவரு நாலு நாள் கழிச்சுத்தான் வந்தாரு. நல்ல மழை வேற, போன் அடிச்சா எடுக்கமாட்டாரு. இது அவர்கிட்ட உள்ள பெரிய கொற, ஒரு மெசேஜ் போட்டா என்ன, நான் மூணு நாளும் வேலைய விட்டுட்டு மதியத்துலருந்து காத்திருந்தேன்.

வந்த ஒடனே என் சிஸ்டத்துல கமாண்ட் பிராம்ப்ட்ங்கிற, கட்டளை டைப் பண்ணுற கருப்பு ஜன்னல் ரெண்டு தெறந்தாரு. ஒண்ணுல பிங் 192.168.1.1, அது எங்க வீட்டு ரவுட்டர். இன்னொண்ணுல பிங் 8.8.8.8, அது கூகுளோடது, வெளிய உள்ளது. ரெண்டுக்கும் பின்னால ஒரு மைனஸ் டி போட்டா நிறுத்துற வரைக்கும் ஓடிட்டே இருக்கும். பக்கத்து பக்கத்துல வச்சிட்டு கேம ஓடவிட்டு ஆடுன்னாரு. நான் ஆடுறேன், அவரு நம்பர மட்டும் பாத்துட்டே சாயா குடிக்காரு. ரவுட்டர் ஜன்னல்ல 3, 4, 3, 186, 5, 240, ரெக்வெஸ்ட் டைம்டு அவுட் (பதிலே வரல), 4, 3 இப்பிடி போச்சு. இதுல எனக்கு ஒண்ணும் புரியல, அவரு டம்ளர கீழ வச்சிட்டு சொன்னாரு, "உன் ரூம்லருந்து ஹாலுக்கே போயி சேரமாட்டேங்கு, நீ துபாய குத்தம் சொல்லிட்டு இருக்க, கேட்டியா."

அந்த ஒரு வார்த்தையில எனக்கு எல்லாம் வெளங்கிருச்சு. வீட்டுக்குள்ள ரவுட்டருக்கு பிங் 1, 2 கிட்ட நிக்கணும், அங்கயே 240 அடிச்சா வெளிய உள்ள எவனையும் திட்டி பிரயோஜனம் இல்ல. ஸ்பீட் டெஸ்ட்ல இது தெரியவே தெரியாது, ஏன்னா அது பத்து செகண்டுல மொத்தம் எவ்ளோ வந்துச்சுன்னுதான் பாக்குது, நடுவுல கால் செகண்டு நின்னுச்சான்னு சொல்லாது. ஆனா கேம் சர்வர் செகண்டுக்கு 64 தடவ கணக்கு பாக்குது, நம்ம கால் செகண்டு காணாம போனா அதுக்குள்ள பதினாறு கணக்கு போயிருக்கும்.

எங்க வீடு தாத்தா காலத்துல கட்டுனது, வெட்டுகல்லு செவுரு, ஒவ்வொண்ணும் ஒண்ணர அடி கனம் இருக்கும். ரவுட்டர் முன் ஹால்ல டிவி மேல, என் ரூம் பின்னால கெணத்து பக்கம், நடுவுல மூணு செவுரு. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அந்த செவுத்த தாண்டி வரவே வராது, 2.4 எப்பிடியோ வரும், ஆனா அதுல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11 மூணுதான் இருக்கு, நம்ம தெருவுல இப்ப வீட்டுக்கு ஒரு வைஃபை. அவரு போன்ல ஒரு ஆப் வச்சு காட்டுனாரு, எங்க ரவுட்டர் இருந்த சேனல் 6ல மட்டும் ஏழு வீடு. நான் அதுக்கு முன்னாடி வைஃபை எக்ஸ்டெண்டர் ஒண்ணு வாங்கி நடுவுல வச்சிருந்தேன், அத கழட்டி என் கையில தந்துட்டாரு, கேமுக்கு அது இன்னும் கெடுதல்னாரு, ஒரே காத்துல வாங்கி அதே காத்துல திருப்பி குடுக்குறதுனால தாமசம் கூடுமாம்.

அப்பறம் கேபிள். என்கிட்ட பழைய கேபிள் ஒரு சுருள் இருந்துச்சு, அத போட்டுரலாமான்னு கேட்டேன். அவரு அதுலருந்து ஒரு கம்பிய இழுத்து பிளேடால மெதுவா சொரண்டுனாரு, மேல செம்பு நெறம், ஒரு சொரண்டு சொரண்டுனா உள்ள வெள்ள வெளேர்னு அலுமினியம். அவர் பையில இருந்த கேட் 6 கேபிள்லருந்து ஒரு கம்பிய எடுத்து அதே மாதிரி சொரண்டுனாரு, எவ்ளோ சொரண்டுனாலும் செம்புதான். நம்ம ஊரு ஈரத்துக்கும் கடக்காத்துக்கும் அலுமினியம் நிக்காது, கொளச்சல் பக்கம் வீடுகள்ல பிளக்ல உள்ள பின் கூட பச்சையா பூத்து போயிருக்கும்னு சொன்னாரு. வெளிய சட்டம் ஓரமா, அடுக்கள மேல சுத்தி 22 மீட்டர் ஓடுச்சு. முனையில கிளிப் அடிக்கும்போது நான் பக்கத்துலயே ஒக்காந்து பாத்தேன், எட்டு கம்பியையும் வெரலால நிமித்தி ஆரஞ்ச் வெள்ள, ஆரஞ்ச், பச்ச வெள்ள, நீலம், நீல வெள்ள, பச்ச, பிரவுன் வெள்ள, பிரவுன்னு வரிசையா புடிச்சு, ஒரே மட்டமா நறுக்கி, உள்ள தள்ளி, வெளிச்சத்துல தூக்கிப்புடிச்சு எட்டு முனையும் கடசி வரைக்கும் முட்டிருக்கான்னு பாத்துட்டுத்தான் அழுத்துனாரு. ஒண்ணு செரியா முட்டல, அத அப்பிடியே வெட்டி தூரப்போட்டுட்டு மறுபடி மொதல்லருந்து பண்ணுனாரு. இந்த மாதிரி வேலைய பாத்தாலே எனக்கு ஒரு மரியாத வந்துரும்.

கேபிள் சொருகுன ஒடனே ரவுட்டர் பிங் 1க்கு கீழ, அசையாம நின்னுச்சு. எனக்கு அதோட முடிஞ்சுதுன்னு நெனப்பு. அவரு போகல. "லேக் எந்த நேரம் கூட இருக்கும்?"னு கேட்டாரு, ராத்திரி பத்துக்கு மேலன்னு சொன்னேன், அந்த நேரம் வீட்டுல வேற யாரு என்ன பண்ணுவாங்கன்னு கேட்டாரு. அம்மா போன சார்ஜ்ல போட்டுட்டு படுத்துருவாங்க. அம்மா போன வாங்கி போட்டோ பேக்கப்ப ஓடவிட்டாரு, அந்த வாரம் மாமா மக கல்யாணத்துக்கு எடுத்த வீடியோ எல்லாம் ஏறாம கெடந்துச்சு. ஏற ஆரம்பிச்ச மறு நிமிசம் 8.8.8.8 ஜன்னல்ல 40 இருந்தது 90, 210, 330ன்னு ஏறுது. பேக்கப்ப நிறுத்துனாரு, 40க்கு வந்து நிக்குது. மறுபடி ஓடவிட்டாரு, மறுபடி ஏறுது. எட்டு மாசமா நான் தேடுன ஆளு அடுக்கள மேசையில சார்ஜ் ஏறிட்டு இருந்த அம்மா போன்.

இதுக்கு பஃபர்ப்ளோட்டுனு பேரு. அப்லோட் பாதை ஒரு ஒத்தயடி பாதைன்னு வச்சிக்குங்க, பெரிய வீடியோ மொத்தமா வந்து வரிசைல நிக்குது, நம்ம கேமோட துளியூண்டு தகவல் அது எல்லாத்துக்கும் பின்னால காத்து நிக்கணும். தொலஞ்சு போகாது, ஆனா வேண்டிய நேரம் தாண்டுனதுக்கு அப்பறம்தான் போயி சேரும். பிளான 100, 200னு ஏத்துனா வரிசை கொஞ்சம் வேகமா நகரும், ஆனா பெரிய பேக்கப் வந்தா மறுபடி அதே கததான். அவரு ரவுட்டர் செட்டிங்ல அம்மா போனுக்கு மட்டும் அப்லோட் 5 எம்பிபிஎஸ்னு கட்டிப்போட்டாரு, போன்ல வைஃபைக்கு ரேண்டம் மேக்னு (மேக்னா நெட்வொர்க்ல போனோட அடையாள நம்பர்) இருந்தத டிவைஸ் மேக்னு மாத்துனாரு, அப்பத்தான் ரவுட்டருக்கு அது அம்மா போன்தான்னு எப்பவும் அடையாளம் தெரியும். போட்டோ எல்லாம் விடியக்காலத்துக்குள்ள ஏறிருது, அம்மாவுக்கு ஒரு கொறையும் இல்ல. என் சிஸ்டத்துல விண்டோஸ் அப்டேட்ட வேற கம்ப்யூட்டருக்கு பகிர்ந்து குடுக்குற டெலிவரி ஆப்டிமைசேஷனையும் அணச்சிட்டாரு.

டிவிக்கு பின்னால ஃபைபர் வயரு மேசைக்கும் செவுத்துக்கும் நடுவுல நசுங்கி வளஞ்சு கெடந்துச்சு, அதையும் நிமித்தி அகலமா சுத்தி வச்சாரு. சிக்னல் மைனஸ் 27 டிபிஎம் (ஃபைபர்ல வர்ற வெளிச்சத்தோட அளவு, மைனஸ் நம்பர் கூடக் கூட சிக்னல் கொறவு) காட்டுனது மைனஸ் 21க்கு வந்துச்சு. மைனஸ் 27, 28 எல்லாம் விளிம்புல நிக்குற மாதிரியாம், மழைக்கு அப்பப்ப கட்டாகுறதுக்கு அதுதான் காரணமா இருக்கும்னாரு.

இப்ப மும்பை சர்வருக்கு எனக்கு 38லருந்து 42, துபாய் சர்வர் விழுந்தா 75 பக்கம். இதுக்கு கீழ கொறைக்க முடியுமான்னு கேட்டேன். ஃபைபர்ல வெளிச்சம் ஒரு மில்லிசெகண்டுக்கு 200 கிலோமீட்டர்தான் போகும், நம்ம ஊர்லருந்து மும்பை நேர்கோட்டுலயே 1300 கிலோமீட்டர், போயிட்டு வர 13 ஆச்சு, கேபிள் நேரா போகாது, வழி நெடுக சுவிட்ச் இருக்கு, அதனால இது நல்ல நம்பர், இதுக்கு மேல பிங் கொறைக்கிற ஆப்புனு எவனாவது வித்தா வாங்காதன்னு சொல்லிட்டாரு. கேம் செட்டிங்ல மேட்ச்மேக்கிங் பிங் அளவ மட்டும் 100னு வச்சு குடுத்தாரு, தூரத்து சர்வர்ல கொண்டு போயி விடாம இருக்க.

காசு கணக்கு: வீட்டுக்கு வந்ததுக்கு 500, கேபிள் மீட்டர் 30 வச்சு 660, கிளிப்பு, ஆணி எல்லாம் 120, மொத்தம் 1280 ரூவா. கிராபிக்ஸ் கார்டுக்கு நான் அம்மாகிட்ட கேக்க நெனச்சது 18,000.

கொறையும் சொல்லிருதேன். சொன்ன நாளுக்கு வரமாட்டாரு, பில்லு கேட்டா பேப்பர்ல எழுதித்தான் தருவாரு. கேபிள் அடிச்ச நேர்த்தி சுமார்தான், அடுக்கள வாசலுக்கு மேல வளஞ்சு தொங்குது, வெட்டுகல்ல தொளச்ச தூசி அம்மா காயப்போட்ட துணி மேல எல்லாம் விழுந்து அவங்க ரெண்டு நாள் முனங்குனாங்க. வேல சுத்தம், வீடு சுத்தமா இருக்காது, துணிய முன்கூட்டியே எடுத்து வச்சிருங்க.

போன சனிக்கிழமை ராத்திரி பத்துலருந்து ஒண்ணர வரைக்கும் ஆடுனோம். ஒரு தடவ கூட முறியல. நடுவுல ஆட்டம் முடிஞ்சு லாபில நிக்கும்போது அண்ணன் அவன் ரூம் மாறப்போறத பத்தி, ஆகஸ்ட்ல லீவு கேட்டிருக்குறத பத்தி எல்லாம் சொன்னான், அம்மாவும் முழிச்சு வந்து ஹெட்செட்ட வாங்கி பேசுனாங்க.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. கரண்டு போயி இன்வெர்ட்டர் மாறுற அந்த ஒரு நொடியில ரவுட்டர் அணஞ்சு மறுபடி வர ரெண்டு மூணு நிமிசம் ஆகுது, அதுக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வைக்க சொல்லிருக்காரு, அடுத்த மாசம் வாங்கணும். கடைக்கு போறவங்க நாலு மணிக்கு மேல போங்க, அதுக்கு முன்னாடி வெளி வேலைக்கு போயிருவாரு, ஞாயித்துக்கிழமை லீவு.