சூப்பர் மார்க்கெட் கார்டில் புள்ளி சேர்ப்பவர்கள் கவனத்துக்கு: என் 3,740 ரூபாய் போச்சு

3,740 ரூபாய். நேற்று சாயங்காலம் கும்பகோணத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பில் கவுண்ட்டரில் நிற்கும்போதே இல்லாமல் போன தொகை. கடை பெயரைப் போடவில்லை. பல ஊர்களில் கிளை இருக்கும், ஏசி போட்டிருப்பார்கள், ட்ராலி தள்ளிக்கொண்டே சாமான் எடுக்கலாம், அந்த வகைக் கடை. இப்படிப்பட்ட கடைகளின் கார்டு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

50 ரூபாய்க்கு வாங்கினால் ஒரு புள்ளி, ஒரு புள்ளி ஒரு ரூபாய். அப்படியென்றால் 3,740 புள்ளி சேர 1,87,000 ரூபாய்க்கு வாங்கியிருக்க வேண்டும். மாதச் சாமான், பொங்கல் சாமான், நாத்தனார் மகள் வளைகாப்புக்கு வாங்கிய முந்திரியும் நெய்யும் எல்லாம் அதில் அடக்கம். அதற்கு முன்பு எங்கள் ஊர் மளிகைக் கடையில் பற்று எழுதித்தான் வாங்குவோம், அறுவடைக் காசு வந்ததும் மொத்தமாகக் கட்டுவோம். இந்தப் புள்ளியைக் காட்டித்தான் எங்களை அங்கே இழுத்தார்கள்.

போன தீபாவளிக்கே எடுத்துவிடலாம் என்று கேட்டேன். அப்போதே 2,000 தாண்டியிருந்தது. கவுண்ட்டரில் இருந்த தம்பி சொன்னது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "இப்ப எடுக்காதீங்கக்கா, சேரட்டும். அடுத்த தீபாவளிக்கு மொத்தமா எடுத்தீங்கன்னா பலகாரச் செலவே இதுல முடிஞ்சிரும்." பில்லின் அடியில் இருந்த இருப்புத் தொகையைப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரும், "உங்க காசுதானேம்மா, எங்க போயிடப் போகுது" என்றார். நம்பாமல் என்ன செய்வது?

இந்த வருஷம் குறுவை நெல்லை அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் போட்டிருக்கிறோம். மழை பிடித்துக்கொண்டது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, காயவைத்துக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் ரோட்டில் கொட்டிக் கிளறிக்கொண்டிருக்கிறார். கையில் காசு கிடையாது. அந்த 3,740 இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் கடலை மாவு, எண்ணெய், சர்க்கரை, நெய், முந்திரி எல்லாம் எடுத்து வைத்தேன்.

ஓடிபி கேட்டார்கள், சொன்னேன். திரையில் இருப்பு 0 என்று வந்தது. போன மாத பில்லில் 3,740 என்று அச்சாகியிருக்கிறது, அதைக் காட்டினேன். "சாஃப்ட்வேர் மாத்திட்டாங்க, ஒரு வருஷத்துக்கு முந்தின புள்ளியெல்லாம் காலாவதி" என்றது கவுண்ட்டரில் இருந்த பெண். சரி, இந்த வருஷம் சேர்ந்தது எங்கே? அது ஆப்பில் ஏறியிருக்குமாம், ஆப்பில் பதிவு செய்யாதவர்களுக்கு அதுவும் செல்லாதாம். இருந்தாலும் பண்டிகை வாரத்தில் எடுக்க முடியாதாம், எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் கழிக்க மாட்டார்களாம். கேட்கக் கேட்கப் புதுப்புது விதி!

பத்திரமாக வைத்திருந்த பழைய பில்லை எடுத்து நீட்டினேன். பேனா வட்டம் அப்படியே இருக்கிறது, உள்ளே இருந்த எண் வெளுத்துப்போய்விட்டது. மேனேஜர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அந்தப் பையன் இப்ப வேலையில இல்லம்மா, ஹெட் ஆபீஸ் முடிவு, எங்க கையில ஒண்ணுமில்ல." உங்க காசுதானே என்று சொன்ன அதே சூப்பர்வைசர் நாலடி தள்ளி நின்று பிஸ்கட் பாக்கெட்டை அடுக்கிக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவே இல்லை. பின்னால் வரிசையில் ஒருவர் "சீக்கிரம்மா" என்கிறார். நெய்யையும் முந்திரியையும் எண்ணெயில் பாதியையும் நானே எடுத்துத் திருப்பி வைத்துவிட்டு, இருந்த காசுக்கு மட்டும் பில் போட்டுக்கொண்டு வந்தேன்.

இன்று காலையில் வாடிக்கையாளர் சேவை எண்ணில் பாட்டுக் கேட்டுக் கேட்டுக் காது வலித்ததுதான் மிச்சம். ஏழு வேலை நாட்களில் பதில் வருமாம். தீபாவளி அதற்குள் முடிந்துவிடும்.

எனக்கு ஆற்றாமை இதுதான். ஆடித் தள்ளுபடி, ஆயுத பூஜைக்குப் பொரி கடலை என்று ஓயாமல் எஸ்எம்எஸ் அனுப்பினார்கள். 3,740 ரூபாய் காலாவதியாகப் போகிறது என்று ஒரே ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப முடியாதா? என் எண் அவர்களிடம் இல்லையா?

விவரமாக எழுத நினைத்தேன், மறுபடியும் மேகம் கட்டுகிறது, நெல்லை மூடப் போக வேண்டும். அவசரத்துக்கு இவ்வளவுதான். புள்ளியைச் சேர்த்து வைக்காதீர்கள், அந்தந்த மாதமே கழித்துவிடுங்கள். பில்லை வாங்கிய அன்றே போட்டோ எடுங்கள், அந்தத் தாளில் எழுத்து நிற்காது. கவுண்ட்டரில் வாயால் சொல்வதை எழுதித் தரச் சொல்லுங்கள். ஏமாந்தால் 1915-க்குக் கூப்பிடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும்.

போன மாத பில்லை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் 1915-க்குப் பேசப் போகிறேன். நீங்கள் இன்றைக்கே உங்கள் கடைசி பில்லை எடுத்து அடியில் என்ன இருப்பு போட்டிருக்கிறது என்று பாருங்கள்.