மாட்டைக் கண்டு திடுக்கிடுவது யார்? வன்னி வீதிகளுக்கான சோதனைக் கருவிகள்

இரவில் புளியங்குளம் தாண்டி மாங்குளம் வரும் சாரதிக்கு, இலங்கையின் வன்னி ஊடாகப் போகும் ஏ-9 வீதியில் கண்ணைத் திறந்துவைத்திருக்கக் காரணங்கள் பல: தாரின் சூட்டுக்குப் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடு, பின்விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டி, ஹெட்லைட்டைத் தணிக்காமல் எதிரே வரும் பஸ். கிளிநொச்சி அறிவியல்நகரிலோ வவுனியாவிலோ இந்த விபத்து ஆபத்தை வீதியில் இறங்காமல் கணினியில் ஆராயப் புறப்படும் மாணவர் எந்தக் கருவியை எடுப்பது?

காசு கேட்காதது சுமோ. வாகன ஓட்டத்தைக் கணினியில் போலச்செய்து காட்டும் இது, ஜெர்மன் விண்வெளி மையம் 2001 முதல் வளர்த்துவரும் திறந்தமூல மென்பொருள். இடப்பக்கம் ஓடும் நாடுகளுக்கும் அதில் வழி உண்டு. முல்லைத்தீவு வீதி வந்து ஏறும் பரந்தன் சந்தியில் வாகன வரிசை எவ்வளவு நீளும் என்று பார்க்க அதுவே போதும். விபத்துக்கு அது தோதல்ல. முன்வாகனத்தைப் பின்வாகனம் எப்படித் தொடரும் என்று கணக்கிடும் அதன் இயல்பான கிராவுஸ் மாதிரியில் ஒவ்வொரு வாகனமும் பிரேக் பிடித்து நிற்கக்கூடிய இடைவெளியை விட்டே ஓடும். வன்னியில் அப்படி ஓட்டுபவரை எனக்குக் காட்டுங்கள்! மோதலுக்கு எத்தனை விநாடி மிச்சமிருந்தது என்று அளந்து ஓரளவு சமாளிக்கலாம். திடுக்கிடும் மனிதன் மட்டும் அங்கே இல்லை.

அந்த மனிதனுக்காகத்தான் கண்ணில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் ஹெட்செட். பாடசாலை விட்டு வீதியைக் கடக்கும் பிள்ளைக்கு அதற்கு நிகர் வேறில்லை. பிள்ளை இருபுறமும் தலையைத் திருப்பிப் பார்க்கிறது, நிற்கிறது, எந்த இடைவெளியில் காலை எடுத்துவைக்கிறது என்பது பதிவாகிறது, உயிருக்கு ஆபத்தில்லை. ஹெட்செட்டுக்குள் தூரம் உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும் என்பதால் கிடைக்கும் மீற்றர் கணக்கை அப்படியே நம்பக்கூடாது. நடுவில் திட்டு இருந்தால், இல்லாவிட்டால் என்று ஒப்பிடுவதற்கு அது தாராளமாக உதவும்.

சாரதிக்கு அதே ஹெட்செட்டை மாட்டாதீர்கள். கண் ஓடுகிறது, உடல் அசையாமல் இருக்கிறது. சிலருக்குச் சில நிமிடங்களிலேயே குமட்டும். அதைவிடப் பெரிய குறை, பஸ்ஸின் ஹெட்லைட் கூச்சத்தை அந்தச் சிறு திரையால் தரமுடியாது. கூச்சமில்லாத இரவில் உழவு இயந்திரப் பெட்டி பளிச்சென்று தெரிந்துவிடும். ஸ்டியரிங், இருக்கை, மூன்று திரை கொண்ட பழைய பாணி அமைப்பே இங்கே மேல். குமட்டல் குறைவு, திரையருகே உண்மையான விளக்கொன்றையும் பொருத்தலாம். அதில் ஓட்ட 2017 இல் வந்த கார்லா மென்பொருள் இலவசம். ஆனால் அதன் ஆயத்த நகரங்களில் வாகனங்கள் வலப்பக்கம் ஓடுகின்றன. வன்னி வீதியை நாமே கட்ட வேண்டும், மாட்டையும் சேர்த்து.

ஒன்றுக்குத்தான் பணம் என்றால் திரை அமைப்பையே வாங்குவேன், ஹெட்செட்டை இரவல் வாங்குவேன். இரண்டுக்கும் முன்னால் முறிகண்டியில் ஒரு கமரா வேண்டும். பயணிகள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கையில் கச்சான் பொதியோடு, நிற்கும் பஸ்ஸின் மறைவிலிருந்து வீதிக்கு இறங்குகிறார்களே, அந்த இறக்கத்தின் வேகமும் இடைவெளியும் எந்த மென்பொருளிலும் ஆயத்தமாக இல்லை. கூட்டமுள்ள ஒரு வெள்ளிக்கிழமையும் சாதாரண நாளொன்றும் பதிவு செய்தால் தொடங்கலாம்.