டபுள் பெடல்: இரண்டு கோடை ஓட்டிய பிறகு

டிரம் செட்டில் காலால் அடிக்கும் பெரிய டிரம்மை (பேஸ் டிரம்) இரண்டு காலாலும் வாசிக்க உதவுவது டபுள் பெடல். அதை வாங்கி இரண்டு கோடை தாண்டிவிட்டது. புதிதாகப் பழகுகிறவர்கள் எடுத்ததும் கேட்பது, "எந்த பிராண்ட் வாங்கலாம்?" என் அனுபவத்தில் அது நாலாவது கேள்வி. ஸ்டூல் எவ்வளவு உயரம், இடது கால் என்ன செய்கிறது, கீழ்வீட்டில் யார் குடியிருக்கிறார்கள், இதெல்லாம் அதற்கு முன்னால் வரும்.

ஜாஸ் டிரம்மர் லூயி பெல்சன் 1940-களிலேயே இரண்டு பேஸ் டிரம் வைத்து வாசித்தவர். மதுரை அனுப்பானடியில் என் வாடகை மாடிக்கு ஒரு டிரம் நுழைந்ததே பெரிய காரியம். ஒரே டிரம்மில் இரண்டு பீட்டர் (சுத்தி போன்ற அடிப்பான்) அடிக்கிற டபுள் பெடலை 1983-இல் டிரம் வொர்க்‌ஷாப் கம்பெனி 5002 என்ற மாடலாகக் கொண்டுவந்தது. இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் அந்த அமைப்புதான்: இடது பெடலிலிருந்து ஒரு ஷாஃப்ட் (இணைப்புக் கம்பி) குறுக்கே வந்து இரண்டாவது பீட்டரை இயக்கும்.

விலை குறைந்த பெடலில் முதலில் கெடுவது அந்த ஷாஃப்டின் ஜாயிண்ட். என்னுடையதில் சில மாதத்திலேயே ஆட்டம் கண்டது. இடது காலை அழுத்தினால் பீட்டர் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். கடையில் சோதிக்க எளிய வழி: பீட்டரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஷாஃப்டை மறு கையால் திருப்புங்கள். கம்பி மட்டும் லேசாகத் திரும்பினால் வேண்டாம். எனக்கு செல்லூர்ப் பக்கம் லேத் பட்டறை அண்ணன் புது பின் கடைந்து போட்டுக் கொடுத்தார். "இது எந்த வண்டி பார்ட்டு தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் கையில் வாங்கினார். ஸ்பிரிங் கீச்சிட்டால் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும்.

ஸ்டூல் விஷயத்தில் சமரசமே கூடாது. சிங்கிள் பெடலில் இடது குதிகால் ஊன்றி உடம்பைத் தாங்கிக்கொள்ளும். இதில் இரண்டு காலும் வேலையில் இருப்பதால் உடம்பின் எடை முழுக்க இருக்கையில் இறங்க வேண்டும். இடுப்பைவிட முழங்கால் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி உயரத்தை ஏற்றியதும் என் இடுப்புவலி பாதி போனது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பழகுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

சரி, இடது கால். தகதிமி என்று நாலு நாலாக வாசித்தால் வலது, இடது, வலது, இடது என்று போகும். தட்டின் தலை, அதாவது ஒவ்வொரு நாலிலும் முதல் அடி, எப்போதும் வலது காலுக்கே. இடது கால் எத்தனை மாதமானாலும் பின்னால் ஒட்டிக்கொண்டே வரும். தகிட, தகிட என்று திஸ்ரத்தில், மூன்று மூன்றாகப் போட்டால் கதையே வேறு. முதல் 'த' வலது, அடுத்த 'த' இடது. தட்டுக்குத் தட்டு தலைமை மாறுவதால் இடது காலுக்கு ஒளிய இடமில்லை. மெட்ரோனோமை (தாளம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து இதை மட்டும் வாசித்த காலத்தில்தான் இரண்டு பீட்டரின் சத்தமும் ஒன்றுபோல வர ஆரம்பித்தது. அதுவரை வேகத்துக்கு ஆசைப்பட்டு வாங்கியதெல்லாம் முன்கால் வலிதான்.

வேகம் என்றால் கணக்கு இது: 120-இல் தகதிமி வாசித்தால் நொடிக்கு 8 அடி. எனக்கு 110 வரை தொடையிலிருந்தே கால் இறங்குகிறது. அதற்கு மேல் கணுக்கால் மட்டும் ஆட வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இன்னும் தடுமாற்றம்.

சத்தம். டிரம்முக்குள் தலையணை திணித்தால் காற்றில் போகும் சத்தம் அடங்கும், தளம் வழியாக இறங்கும் அதிர்வு அடங்காது. "ஏப்பா, மேல மாவு மில்லு கில்லு வச்சிருக்கியா?" என்று கீழ்வீட்டு அத்தை படியேறி வந்தே கேட்டுவிட்டார். கனமான ரப்பர் ஷீட்டைக் கீழே போட்டு, அதற்கு மேல் ஜமுக்காளம் விரித்த பிறகு பரவாயில்லை என்றார். வெறும் ஜமுக்காளம் டைல்ஸில் வழுக்கி, டிரம்மும் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். ரப்பர் அதையும் நிறுத்தியது. எலக்ட்ரானிக் செட் வைத்திருப்பவர்கள் கிக் பேடின் (பேஸ் டிரம்முக்குப் பதில் இருக்கும் பேட்) அகலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன பேடில் இடது பீட்டர் ஓரத்தில்தான் விழும்.

அப்புறம் ஹை-ஹேட், அதாவது இடது காலால் திறந்து மூடும் சிம்பல் தட்டு ஜோடி. இடது கால் டபுள் பெடலுக்குப் போனதும் அது திறந்துகொண்டு இரையும். டிராப் கிளட்ச் என்று ஒரு சின்ன உருப்படி இருக்கிறது. குச்சியால் ஒரு தட்டு தட்டினால் மேல் தட்டு இறங்கி மூடிக்கொள்ளும். பெடலோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.