பி.எஸ்.ஏ. எம்20: 11 ஆண்டு அனுபவம்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வசிக்கும் நான், பிரிட்டிஷ் நிறுவனமான பி.எஸ்.ஏ. 1943இல் தயாரித்த எம்20 மோட்டார் சைக்கிளை 11 ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்காக ஏறக்குறைய 1,26,000 வண்டிகள் செய்யப்பட்ட ரகம் இது. 496 சி.சி. சைட் வால்வு (வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் அமைந்த) எஞ்சின், 13 குதிரைத்திறன், 170 கிலோவை நெருங்கும் எடை. எஞ்சின் எரிபொருள் கலவையை அழுத்தும் விகிதம் மிகக் குறைவு என்பதால் மட்டமான பெட்ரோலிலும் மறுப்புச் சொல்லாமல் ஓடும். மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் நான் விரட்டுவதில்லை. பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் இல்லை. பள்ளத்தை இடுப்புதான் வாங்கிக்கொள்ளும். பிரேக் சுமார்தான்.

இந்த வண்டியுடன் நான் சேர்ந்திருக்கும் போர்க்கால மீள்நடிப்புக் குழு (அக்காலச் சீருடையும் வண்டியுமாகப் போர்க்காலத்தை நடித்துக் காட்டும் குழு), கோடைக் கண்காட்சிகளில் முன்னாள் படைவீரர்களைச் சந்திப்பது வழக்கம். தொண்ணூறு வயதைக் கடந்த ஒருவர் அப்படி வந்தார். அவர் 1944இல் பிரான்சின் நார்மண்டியில் ‘டான் ஆர்’, அதாவது செய்திப்பை சுமந்து செல்லும் படை ஓட்டுநராக இருந்தவர். வண்டியின் பெயர்ப்பலகையை அவர் படிக்கவே இல்லை. அருகில் வந்ததும் அவர் கை தானாகச் சென்று, தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளும் சிறு நெம்புகோலை நகர்த்தியது. அதை மறந்து உதைத்தால் கிக்கர் எதிர்த்து அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும் என்பதை நான் வலியோடு கற்றிருந்தேன். அவருடைய கையோ எழுபது ஆண்டுகளாக அதை மறக்கவில்லை.

அடுத்து அவர் கைப்பிடியை அழுத்திப் பார்த்து, தம் வண்டியில் ரப்பர் இருந்ததில்லை என்றார். 1942 தொடக்கத்தில் மலாயா ஜப்பானியர் வசமானதும் ரப்பருக்குப் பெரும் பஞ்சம் ஏற்பட, இவ்வண்டிகளுக்குக் கித்தான் (கான்வாஸ் துணி) கைப்பிடியும் வெற்று இரும்புக் கால்மிதியும் பொருத்தப்பட்டன. அந்த மலாயாத் தோட்டங்களில் ரப்பர் பால் எடுக்க மரம் கீறியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள் என்பதால், அவர் அதைச் சொன்னபோது எனக்கு மனம் கனத்தது. முந்தைய உரிமையாளர் போட்ட ரப்பரைச் சொகுசு கருதி நானும் விட்டுவைத்திருந்தேன். அடுத்த மாதமே கித்தானுக்கு மாற்றினேன்.

எங்கள் குழுவினர் பளபளவென்று பூசும் பச்சை வண்ணத்தையும் அவர் ஏற்கவில்லை. தம் வண்டி பழுப்பு நிறத்தில் இருந்தது என்றார். 1944க்கு முன்பு சில ஆண்டுகள் பழுப்பே வழக்கில் இருந்ததால், அவர் நினைவு சரியானதே. இத்தகைய திருத்தங்களைக் கேட்டு எழுதி வைப்பதுதான் சீருடை அணிவதைவிட முதன்மையான வேலை என்று இன்று உறுதியாக நம்புகிறேன்.

கைப்பிடியைக் கித்தானுக்கு மாற்றிய பிறகு, இரண்டு மணி நேர ஓட்டத்தில் உள்ளங்கை கொப்பளித்துவிடுகிறது. மழையில் ஊறிய கித்தான் வழுக்கவும் செய்கிறது. இதை அவரிடம் சொன்னபோது, அந்நாளில் கிழிந்த சட்டைத் துணியை அதன்மேல் சுற்றிக்கொள்வோம் என்றார். இரண்டு சுற்றுக்கு மேல் கூடாது என்றும் சொன்னார். சுற்றிப் பார்த்தேன். மூன்றாவது சுற்றுக்குக் கைப்பிடி பருத்து, விரல்கள் கிளட்ச்சை எட்டவில்லை.