அடிக்கோடா, ஹேஷ் குறியா?

ஜாவாஸ்கிரிப்ட் கிளாஸுக்குள் (ஆப்ஜெக்ட்களை உருவாக்கும் வார்ப்புருவுக்குள்) இருக்கும் ஒரு மதிப்பை வெளியிலிருந்து யாரும் தொடக்கூடாது என்றால் _இருப்பு என்று பெயர் வைக்கலாம், #இருப்பு என்றும் வைக்கலாம். (தமிழ்ப் பெயர்களை ஜாவாஸ்கிரிப்ட் தாராளமாக ஏற்கும்.)

அடிக்கோடு வெறும் வேண்டுகோள். நிரலை இயக்கும் எஞ்சினுக்கு அதுவும் ஓர் எழுத்துதான். அந்தக் கிளாஸில் உருவான ஆப்ஜெக்டின் பெயர் கணக்கு என்றால், கணக்கு._இருப்பு = 0 என்று யாரும் மாற்றிவிடலாம்; அதை ஜேசானாக (தரவை அனுப்ப உதவும் உரை வடிவமாக) மாற்றும்போது அதுவும் சேர்ந்தே வெளியே போகும்.

ஜாவாஸ்கிரிப்டின் தர வரையறையான எக்மாஸ்கிரிப்ட் 2022-இல் வந்த # நிஜமான பூட்டு. கிளாஸுக்கு வெளியே கணக்கு.#இருப்பு என்று எழுதினால் தொடரியல் பிழை. அந்தக் கோப்பு ஓடவே தொடங்காது. எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று: #பெயரைக் கிளாஸுக்குள் முதலிலேயே அறிவித்தாக வேண்டும். அதனால் ஓர் எழுத்து பிசகினாலும் உடனே பிடிபடும். அடிக்கோட்டில் அதே பிசகு சத்தமில்லாமல் புதிய பண்பு ஒன்றை உருவாக்கிவிடும். பிழையைத் தேடி அலைய வேண்டியதுதான்.

ஆனால் #-ஐ சப்கிளாஸாலும் (அந்தக் கிளாஸை நீட்டித்து எழுதும் கிளாஸாலும்) தொட முடியாது. அதைப் பயன்படுத்தும் மெத்தடை (கிளாஸின் செயற்கூறை) பிராக்ஸி வழியாக, அதாவது ஆப்ஜெக்டுக்கு முன்னால் நிற்கும் இடையாள் ஆப்ஜெக்ட் வழியாக, அழைத்தால் டைப்எரர் என்ற பிழை வரும். புதிய கிளாஸ் என்றால் நான் #-ஐத்தான் சொல்வேன். பழைய நிரலில், எந்தெந்த சப்கிளாஸ் அந்த அடிக்கோட்டுப் பெயரைத் தொடுகிறது என்று தேடிப் பார்த்த பிறகே மாற்றுங்கள்.